புதுப்பிப்பு: பனிச்சறுக்குக்குத் தங்மார்க்கா, குல்மார்க்கா?

சம்பா அறுவடை முடிந்ததும் பிள்ளைகளோடு காஷ்மீரில் பனிச்சறுக்குப் பழகப் போகிறோம், மலையடித் தங்மார்க்கில் தங்கலாமா, மேலே குல்மார்க்கிலேயே தங்கலாமா என்று கார்த்திகையில் கேட்டிருந்தேன். மாசியில் போய்விட்டு மன்னார்குடி திரும்பிவிட்டோம்.

முதல் இரண்டு இரவு தங்மார்க். வாடகை குறைவு, கடைகளும் வீடுகளுமாக நிஜமான ஊர். ஆனால் குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏற வேண்டும். ராத்திரி பனி கொட்டிவிட்டால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். அதற்குக் காத்திருந்தே ஒரு காலைப்பொழுது போய்விட்டது, பெரியவன் அழுதேவிட்டான். குல்மார்க் உயரம் 2,650 மீட்டர். வயல்வெளி ஊர்க்காரர்களான எங்களுக்கு உடம்பு பழக அந்த இரண்டு நாள் உதவியது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் மேலே மாறினோம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவு தங்குமிடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். மலைமேல் ஏற்றிச்செல்லும் ரோப்காரான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் போகிறது; அங்கிருந்து சறுக்குவது நன்றாகத் தேறியவர்களுக்கு மட்டும்.

காஷ்மீருக்குப் பதில் உத்தராகண்டில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஔலியைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. 2023இல் அதன் அடிவாரத்து ஊரான ஜோஷிமட்டில் நிலம் புதைந்ததிலிருந்து அம்மாவுக்குப் பயம், அதனால் விட்டுவிட்டோம். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் செலவு கூடினாலும் குல்மார்க்கிலேயே அறை எடுங்கள்.