ஏர் ரைபிள் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறுது, அர்ஜெண்ட்டா உதவி வேணும்

குன்னூர்_காரன்:
வணக்கம் நண்பர்களே. ரைபிள் வேகம் ஒரே மாதிரி வரமாட்டேங்குது, க்ரோனோ (வேகம் அளக்குற மெஷின்) வெச்சு பாத்தா செகண்டுக்கு 174, 178, 171, 169, 176 மீட்டர்னு ஆடுது, அதனால ஸ்கோர் கன்னாபின்னான்னு விழுது, எட்டு ஒன்பதுன்னு போகுது, மேட்ச் வேற வருது. ரெகுலேட்டர் (காத்தழுத்தத்த ஒரே அளவா விடுற பாகம்) மாத்தணுமா இல்ல வால்வா? ஊட்டி குன்னூர் பக்கம் நல்ல மெக்கானிக் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, கோயம்புத்தூர் இறங்கி ஏற டைம் இல்ல.

பெல்லட்_பைத்தியம்:
என்ன ரைபிள் ப்ரோ? ஸ்ப்ரிங்கா பிசிபியா (சிலிண்டர்ல காத்து அடைச்சு அடிக்கறது)? என்ன பெல்லட், எத்தன மீட்டர், சிலிண்டர்ல எவ்வளவு பார் அழுத்தம்? ஒண்ணுமே சொல்லாம மெக்கானிக் கேட்டா எப்படிங்க.

மலைச்சாரல்:
இது ஈரம் தான், அடிச்சு சொல்றேன். ஹேண்ட் பம்ப்ல தான காத்து அடிக்கறீங்க? இந்த மிஸ்ட் சீசன்ல நம்ம ஊரு காத்து பூரா தண்ணி. ஃபில்டர் இல்லாம அடிச்சா அந்த தண்ணி சிலிண்டருக்குள்ள போயி ரெகுலேட்டர்ல உக்காந்துக்கும், ஓ-ரிங் ஊறும், துரு பிடிக்கும். என் பம்ப்ல ஃபில்டர் கழட்டுனா உள்ள இருக்குற பஞ்சு பிழிஞ்சா தண்ணி சொட்டும். மொதல்ல அத பாருங்க.

வெலிங்டன்_வாத்தியார்:
தம்பி, அஞ்சு ஷாட் அடிச்சு அஞ்சு நம்பர் போட்டுட்டு ரெகுலேட்டர் மாத்தலாமான்னு கேக்குற. நாங்க 303 ரைபிள் புடிச்ச காலத்துல க்ரோனோவும் கிடையாது ஒண்ணும் கிடையாது. வேகம் கம்மியான ரவுண்டு பேரல விட்டு லேட்டா வெளிய வரும், அதுக்குள்ள பேரல் மேல தூக்கும், தூரத்துல போனா எல்லாம் ஒரே எடத்துல விழும். பாசிட்டிவ் காம்பன்சேஷன்னு பேரு. பேரல் அதிர்வு தெரியாதவங்க தான் வேகத்த கட்டிக்கிட்டு அழுவாங்க. இந்தக் காலத்து பசங்க மெஷின நம்புவாங்க, மூச்சு புடிக்க மாட்டாங்க.

பெல்லட்_பைத்தியம்:
வாத்தியார் சார், 303 நீங்க சொல்றது லாங் ரேஞ்சுக்கு, அவரு அடிக்கறது ஏர் ரைபிளுங்க. பத்து மீட்டர்ல பேரல் அதிர்வு வந்து காப்பாத்துமா?

வெலிங்டன்_வாத்தியார்:
தத்துவம் ஒண்ணு தான் தம்பி. படிச்சா புரியும்.

குன்னூர்_காரன்:
சாரி வேலையில மாட்டிக்கிட்டேன். பிசிபி தாங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, கம்பெனி பேரு வேணாம். 10 மீட்டர் தான், வேற என்ன. தட்டை தலை பெல்லட். டயாப்டர் சைட் (சின்ன ஓட்டை வழியா குறி பாக்குறது). பம்ப்ல தான் அடிக்கறேன், ஃபில்டர் இருக்கு.

கோவை_ஏர்கன்:
நீங்க மலை மேல இருக்கறதால தான் பாஸ். குன்னூர் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்து லைட். என்னோட ஸ்ப்ரிங் கன் கோயம்புத்தூர்ல அடிக்கற மாதிரி ஊட்டில அடிக்காது, வேகம் கொறையும். உங்களுக்கும் அதே தான்.

மலைச்சாரல்:
அய்யோ தப்பு. காத்து லைட்னா ட்ராக் (காத்து தடை) கம்மி, பெல்லட் வேகத்த நல்லா புடிச்சு வெச்சுக்கும். கூடணும்ங்க, கொறையக் கூடாது.

கோவை_ஏர்கன்:
ட்ராக் எல்லாம் பேரல விட்டு வெளிய வந்தப்புறம் தானே. நான் சொல்றது பேரல் வாயில வர்ற வேகம். ஸ்ப்ரிங் கன்ல பிஸ்டன் அழுத்துறதே வெளிக் காத்த தான், ஊட்டில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல முக்கால் பங்கு சொச்சம் தான், அழுத்துறதுக்கு உள்ள காத்து இல்லன்னா எப்படி தள்ளும்? நானே க்ரோனோல பாத்துருக்கேன்.

மலைச்சாரல்:
நீங்க பாத்தது உங்க கன்னு. நான் சொல்றது ஃபிசிக்ஸ்.

கோவை_ஏர்கன்:
நான் சொல்றது பூகோளமா?

பெல்லட்_பைத்தியம்:
ரெண்டு பேரும் சரி தான், சண்டைய விடுங்க. ஸ்ப்ரிங் கன்னுக்கு வாய் வேகம் கொறையும், வெளிய போற வழியில கம்மியா இழக்கும், ரெண்டும் வேற வேற விஷயம். ஆனா இவருது பிசிபி, சிலிண்டர்ல அடைச்ச காத்து, மலையும் தெரியாது சமவெளியும் தெரியாது, அதுக்கு தெரிஞ்சது பார் மட்டும். அதோட உயரம்னா எல்லா ஷாட்டுக்கும் ஒரே மாதிரி தானே கொறையணும், ஷாட்டுக்கு ஷாட் எப்படி ஆடும்? குன்னூர் ப்ரோ, முக்கியமான கேள்வி: ஓட்டை எந்தப் பக்கம் பரவுது? மேல கீழயா, இடது வலதா? பேப்பர் போட்டோ போடுங்க.

தேயிலைத்தோட்டம்:
இடையில கேக்கறேன் தப்பா நினைக்காதீங்க, எங்க லைன்ல கொரங்கு தொல்ல தாங்கல, இந்த மாதிரி ஏர் ரைபிள் எவ்வளவு வரும், லைசென்ஸ் வேணுமா?

வெலிங்டன்_வாத்தியார்:
கொரங்க சுட்டா லைசென்ஸ் பத்தி பேச மாட்டாங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல உள்ள தள்ளுவாங்க. பட்டாசு வெடிங்க போதும். இது டார்கெட் அடிக்கறவங்க இழை.

தேயிலைத்தோட்டம்:
சுடறேன்னு யாரு சார் சொன்னா, சத்தத்துக்கு தான் கேட்டேன். கோவப்படாதீங்க.

ஸ்டாட்ஸ்_தம்பி:
வேகத்துக்கு வர்றேன். குன்னூர் அண்ணா சொன்ன அஞ்சு நம்பர்ல பெருசுக்கும் சிறுசுக்கும் வித்தியாசம் 9 மீட்டர். ஆனா அஞ்சு ஷாட்ல வர்ற வித்தியாசத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, நிறைய அடிக்க அடிக்க அந்த நம்பர் தானா பெருசாகும், சராசரியா பாத்தா அஞ்சு ஷாட்ல 2.3 சிக்மா (சிக்மான்னா சராசரியில இருந்து நம்பருங்க சிதறுற அளவு), பத்து ஷாட்ல 3.1 சிக்மா வரும். அதனால அஞ்சு ஷாட்ட இன்னொருத்தரோட பத்து ஷாட்டோட ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். க்ரோனோவ எங்க வெச்சு அளந்தீங்க? வெளிச்சத்த பாத்து அளக்குற மாடல்னா எல்ஈடி ட்யூப்லைட் கீழ வெச்சா சிமிட்டல்ல நம்பரே தப்பா வரும்.

குன்னூர்_காரன்:
ட்யூப்லைட் தான். ஓட்டை லெஃப்ட் ரைட்டா தான் பரவுது, மேல கீழ அவ்வளவா இல்ல. ஆனா வேகம் ஆடுதே, அத சொல்லுங்க.

பெல்லட்_பைத்தியம்:
அப்பாடா இத மொதல்லயே சொல்லிருந்தா பாதி இழை மிச்சம் ஆயிருக்கும். வேகம் மாறுனா பெல்லட் பறக்குற நேரம் மாறும், நேரம் மாறுனா எவ்வளவு கீழ விழுதுங்கறது மாறும், அவ்வளவு தான், பக்கவாட்டுல தள்ள அதுக்கு வழியே இல்ல, காத்து அடிக்காத ரேஞ்சுல நிச்சயமா இல்ல.

கணக்கு பாருங்க. 173 மாதிரி வேகத்துல 10 மீட்டர் போக செகண்டுல நூத்துல ஆறு பங்கு ஆகும், அதுக்குள்ள பெல்லட் 17-18 மி.மீ விழும். வேகம் 5 சதவீதம் மாறுனா விழறது 10 சதவீதம் மாறும், அதாவது ரெண்டு மி.மீ-க்குள்ள, நடுவுல இருந்து பாத்தா மேல ஒரு மி.மீ கீழ ஒரு மி.மீ கூட இல்ல. டெசிமல் ஸ்கோர்ல (10.9 தான் உச்சம்) 0.1 குறைய 0.25 மி.மீ விலகணும். ஆக உங்க வேக ஆட்டம் மொத்தமும் உண்மைன்னே வெச்சாலும் 10.9 அடிக்கறவனுக்கு 10.5, 10.6 வரும். எட்டு விழணும்னா பெல்லட் நடுவுல இருந்து 5 மி.மீ-க்கு மேல தள்ளி போகணும், அது வேகத்தால ஆகாது.

பக்கவாட்டுன்னா ரைபிள் சாய்வு, ட்ரிகர்ல விரல் தள்ளறது, கன்னத்த வைக்குற எடம் மாறுறது, இல்லன்னா டயாப்டர் ஆடுறது. செகண்ட் ஹேண்ட்னா கடைசி ஒண்ணு தான் மொதல்ல பாக்கணும்.

ஸ்டாட்ஸ்_தம்பி:
இதே கணக்க 50 மீட்டர் பாயிண்ட் 22-வுக்கு போட்டா கத வேற. 330 மாதிரி கிளம்புற புல்லட் அங்க போறதுக்குள்ள 12 செ.மீ விழும், செகண்டுக்கு 10 மீட்டர் வேக வித்தியாசத்துக்கு 7 மி.மீ மேல கீழ போயிடும், அங்க பத்து வளையமே 10.4 மி.மீ தான். லாட் (ஒரே தடவ தயாரிச்ச தொகுதி) பாத்து குண்டு வாங்குறதுக்கு வேக சீர்மையும் ஒரு காரணம். பத்து மீட்டர்ல அத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.

வெலிங்டன்_வாத்தியார்:
அதோட நம்ம மலைல குளிர்ல சத்தத்தோட வேகமே கொறையும், 5 டிகிரில 334 தான், அந்த 22 குண்டு சத்தத்துக்கு பக்கத்துல உரசிக்கிட்டு போகும், ஆடும். உயரத்தால இல்ல, குளிரால. இத எழுதி வெச்சுக்கங்க தம்பிங்களா. ஆனாலும் என் பேரல் அதிர்வ யாரும் மறுக்கல.

கோவை_ஏர்கன்:
யாரும் படிக்கலன்னு அர்த்தம் சார்.

மலைச்சாரல்:
ஒரு டெஸ்ட் சொல்றேன். கொஞ்ச நேரம் சும்மா வெச்சுட்டு அடிக்கற மொத ஷாட் மட்டும் வேகமா வந்து அடுத்தது இறங்குச்சுன்னா ரெகுலேட்டர் கிரீப், சீட் போயிருக்கு. ஷாட் ஆக ஆக சீரா இறங்குச்சுன்னா சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்கு கீழ போயிடுச்சு, காத்து அடிங்க. ரெண்டும் இல்லாம தாறுமாறா ஆடுனா பெல்லட் இல்லன்னா க்ரோனோ. இல்லன்னா ஈரம்.

குன்னூர்_காரன்:
ரேஞ்சுல ஒரு அண்ணன் பாத்தாரு, டயாப்டர கழட்டி மாட்டுனாரு, பெல்லட் டின்னும் மாத்துனோம், இப்ப பத்துக்குள்ள நிக்குது. க்ரோனோல இன்னும் அதே ஆட்டம் தான். மேட்சுக்கு கெளம்பறேன், எல்லாருக்கும் நன்றிங்க.

பெல்லட்_பைத்தியம்:
ஸ்க்ரூ லூஸா இருந்துச்சா? ஒரே நேரத்துல ரெண்டையும் மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு எப்படி தெரியும்? பழைய டின் தல அளவு என்ன, புதுசு என்ன? சொல்லிட்டு போங்க ப்ரோ.

ஸ்டாட்ஸ்_தம்பி:
போயிட்டாரு.

கோத்தகிரி_புதுசு:
மெக்கானிக் யாருன்னு அவரு கேட்டதுக்கு கடைசி வரைக்கும் யாருமே பதில் சொல்லலயே, எனக்கும் வேணும். ஸ்ப்ரிங் தான், வேகம் பத்தி எதுவும் சொல்ல வேணாம்.