அவுட்லுக்கா தண்டர்பேர்டா: மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லுங்கள்

அச்சுக்கூடத்தான்:
காலண்டர் சீசனில் சிவகாசி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பிரஸ்ஸில் எல்லா கம்ப்யூட்டரிலும் மெயிலுக்குத் தண்டர்பேர்டுதான். ஒரு நகைக்கடைக்காரர், பெயர் வேண்டாம், திருத்தம் போட்ட பிடிஎஃபை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். மெயில் வந்திருக்கிறது, உள்ளே இருப்பதோ வின்மெயில்.டாட் என்று ஒரே ஒரு ஃபைல். "அதான் அனுப்பிட்டேனேய்யா, என்ன பிரஸ் நடத்துறீங்க" என்று போனில் சத்தம், இங்கே பிளேட் போட ஆள் காத்து நிற்கிறான். மறுபடி அனுப்பச் சொன்னேன், மறுபடியும் அதே வின்மெயில்.டாட். அவர் அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்டாக அனுப்பியிருக்கிறார். அப்படி அனுப்பினால் இணைப்பையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும், அந்த முடிச்சு அவுட்லுக்கில் மட்டும்தான் ஒழுங்காக அவிழும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் கடைப் பையன் வாட்ஸப்பில் அனுப்பி எங்களைக் காப்பாற்றினான். இதற்காகவே ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கு மட்டும் அவுட்லுக் வாங்கிப் போடலாமா என்று யோசனை. உங்களுக்கு எது எங்கே காலை வாரியது?

கணக்குப்பிள்ளை கோவை:
ஆடிட்டர் ஆபீஸ், எல்லாரும் அவுட்லுக். அப்பீல் விசாரணைக்குச் சென்னை போயிருந்தோம். வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்போது சீனியர் திரும்பி, "அந்த கிளையண்ட் கன்ஃபர்ம் பண்ண மெயில் எங்கப்பா?" என்றார். போனில் தேடுகிறேன், கடைசி இரண்டு வாரத்து மெயில்தான் இருக்கிறது, அதற்கு முந்தையது ஒன்றுகூட இல்லை. சர்வீஸுக்கு வந்த பையன் பாப்பில், அதாவது மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறையில், செட் செய்துவிட்டு, 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து எடுத்துவிடு என்ற டிக்கை அப்படியே விட்டிருக்கிறான். எல்லா மெயிலும் கோவையில் என் மேஜை கம்ப்யூட்டரில், ஒரே பிஎஸ்டி ஃபைலில். ரிசப்ஷன் அக்காவைப் போனில் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை வராண்டாவில் சத்தமாக எழுத்தெழுத்தாகச் சொல்லி, அவர் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். கோடு கோடாக விழுந்த அந்தப் படத்தை சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்ததை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

பழைய டவர்:
கணக்குப்பிள்ளை சார், இதில் அவுட்லுக் என்ன செய்தது? தண்டர்பேர்டிலும் அதே 14 நாள் கட்டம் இருக்கிறது. புரோகிராம் எதுவானாலும் ஒன்றுதான், மெயில் கணக்கை எப்படிச் சேர்க்கிறோம் என்பதுதான் விஷயம். எனக்கும் ஒரு கதை உண்டு: ஒரு கிளினிக்கில் ஆன்டிவைரஸ் ஒரே ஒரு வைரஸ் மெயிலுக்காக இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கி அடைத்துவிட்டது, டாக்டர் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவ்வளவுதான் கதை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். முதலில் ஐமேப்புக்கு மாறுங்கள், மெயில் சர்வரிலேயே இருக்கும், போனிலும் ஆபீஸிலும் ஒன்றாகத் தெரியும். ஆனால் ஐமேப் இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் விடாதீர்கள், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் பிஎஸ்டி எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பாருங்கள். 2002 பதிப்பு வரை 2 ஜிபிதான் எல்லை, 2003-இல் 20 ஆனது, 2010 முதல் 50. எல்லைக்குள் இருந்தாலும் பெருத்த பிஎஸ்டி தொல்லைதான். ஓஎஸ்டி என்று இன்னொன்று இருக்கும், சர்வரில் உள்ள மெயிலின் நகல், அதைக் காப்பி செய்து வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தண்டர்பேர்டில் வழக்கமான அமைப்பில் ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஃபைல், அழித்த மெயிலும் காம்பாக்ட் (ஃபைலைச் சுருக்கும் கட்டளை) கொடுக்கும்வரை அதற்குள்ளேயே கிடக்கும், 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்று எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். மெயிலெல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தொடாதபடி விலக்கு கொடுங்கள். ஜிமெயில்காரர்கள் கவனிக்கவும், 2022 மே 30 முதல் கூகுள் வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து உள்ளே விடுவதை நிறுத்தத் தொடங்கியது. புதிய புரோகிராம்கள் பிரவுசர் ஜன்னலைத் திறந்து லாகின் கேட்கும், பழையதென்றால் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு ஆன் ஆகியிருக்க வேண்டும். அச்சுக்கூடத்தார் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், 25 எம்பி எல்லை என்றால் 25 எம்பி ஃபைல் போகாது, மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும், 18 எம்பி தாண்டினாலே கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.

அச்சுக்கூடத்தான்:
டவர் அண்ணே, நான் கேட்டது வின்மெயில்.டாட் பற்றி.

பழைய டவர்:
தண்டர்பேர்டுக்கு லுக்அவுட் என்றொரு ஆட்-ஆன் இருக்கிறது, அதைப் போட்டால் பிரித்துக் காட்டும். உங்கள் பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் அனுப்புகிறவரை எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாறச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் அவுட்லுக் வாங்குவார்களா?

திஸ்கிக் காலத்து ஆள்:
புரோகிராம் எதுவானாலும் ஒன்றுதான் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2000 வாக்கில் சிங்கப்பூரில் இருந்தேன், மெயிலுக்கு யூடோரா, தமிழுக்கு முரசு அஞ்சல், பார்க்க இணைமதி எழுத்துரு. மடலாடல் குழுக்களில் திஸ்கியில் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம்) சண்டை போட்ட தலைமுறை. அதை வெளியிட்டு வந்த குவால்காம் நிறுவனம் 2006-இல் யூடோராவைக் கைவிட்டது. பழைய சிடியில் கிடந்த அந்த மெயில்பாக்ஸ் ஃபைல்களைப் போன வருடம் தண்டர்பேர்டின் லோக்கல் ஃபோல்டர்ஸில் போட்டேன், திறந்தது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் என்பதால்தான் திறந்தது, இது புரோகிராம் எழுதியவர் எடுத்த முடிவு, அதைக் குறைத்துப் பேசாதீர்கள். தமிழ் மட்டும் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தது, கன்வர்ட்டரில் போட்டால் யூனிகோடுக்கு வந்துவிட்டது. ஆனால் யூடோரா இணைப்புகளை மெயிலிலிருந்து உருவித் தனி ஃபோல்டரில் வைக்கும். நண்பர் ஒருவர் ஈற்றடிக்கு வெண்பா எழுதி, கையெழுத்திலேயே ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். அந்த மெயிலைத் திறந்தால் 'அட்டாச்மெண்ட் கன்வர்ட்டட்' என்று ஒரு வரி, பக்கத்தில் சி டிரைவில் ஒரு முகவரி. அந்த சி டிரைவ் இருந்த கம்ப்யூட்டரை ஊர் திரும்பும்போதே விற்றாயிற்று. மெயிலில் அவர் வாதாடிய தளை இலக்கணம் முழுக்க இருக்கிறது, வெண்பா இல்லை.

வைகைக்கரை:
அப்பாவுக்கு 70 தாண்டியாச்சு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வரும் மெயிலை எல்லாம் பிரிண்ட் எடுத்துப் பஞ்ச் செய்து ஃபைலில் கோக்கிற ஆள். விண்டோஸோடு வந்த மெயில் ஆப்புக்கு ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்ததால் வேறு ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் போன்: "பென்ஷன் ஆபீஸ்ல மெயில் போட்டோம்ங்கிறாங்க, எனக்கு வரவே இல்ல." ரிமோட்டில் உள்ளே போய்ப் பார்த்தால் மெயில் வந்திருக்கிறது. பழைய சப்ஜெக்ட்டிலேயே பதில் போட்டதால், உரையாடல்களைச் சேர்த்துக்காட்டும் அமைப்பில் பழைய கடிதத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நான் அம்புக்குறியை அழுத்தி விரித்ததும், "இதை ஏன்டா ஒளிச்சு வைக்கணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குரூப்பிங்கை எடுத்துவிட்டேன், எழுத்தைப் பெரிதாக்கினேன்.

பழைய டவர்:
நல்லது. அப்படியே தேதி வரிசையில் புதியது மேலே வரும்படி வைத்துவிட்டு, வலப்பக்கம் இருக்கும் படிக்கும் பலகையை மூடிவிடுங்கள் தம்பி, பெரியவர்களுக்கு அதுவும் குழப்பம்.

வைகைக்கரை:
அதில்தான் அண்ணா அவர் படிக்கிறார்.