‘சுவாசிக்கத்தக்க தூசி’: மாற்றுச் சொல் வேண்டும்

மடல் 1, கணபதி

வணக்கமுங்க. பவுண்டரிகளுக்கான (உலோக வார்ப்பாலைகளுக்கான) பாதுகாப்புக் கையேடு ஒன்று தமிழில் வரப்போகிறது. ‘ரெஸ்பிரபிள் டஸ்ட்’ (நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்தூசி) வரும் இடமெல்லாம் வரைவில் ‘சுவாசிக்கத்தக்க தூசி’ என்று போட்டிருக்கிறார்கள். நாக்-அவுட் (வார்ப்பை மணல் அச்சிலிருந்து தட்டி எடுக்கும் இடம்) பக்கம் மாட்டும் பலகையிலும் இதே சொல்தான். குடிக்கத்தக்க நீர் என்றால் தாராளமாகக் குடிக்கலாம் என்று பொருள். அப்படியானால் இந்தப் பலகையைப் படிக்கிற மோல்டர் (மணல் அச்சு கட்டுபவர்) என்ன நினைப்பார்? ‘சுவாசிக்கக்கூடிய’ என்று மாற்றினாலும் கோளாறு தீரவில்லை. வேறு என்ன சொல்லலாம்?

மடல் 2, பீளமேடு

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்வோமுங்க. ஐஎஸ்ஓ 7708 என்னும் பன்னாட்டுத் தரம் தூசியில் மூன்று வகை சொல்கிறது. மூக்கு, வாய் வழியாக உள்ளே போவதெல்லாம் முதல் வகை. 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இதில் அடங்கும். குரல்வளையைத் தாண்டி மார்புக்குள் இறங்குவது இரண்டாவது. 10 மைக்ரான் துகள்களில் பாதி இதில் சேரும். நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போய்ச் சேர்வதுதான் ‘ரெஸ்பிரபிள்’. இதில் 4 மைக்ரான் துகள்களில் பாதி வரும், 10 மைக்ரானில் நூற்றுக்கு ஒன்றுதான் வரும். கத்தி வைத்து வெட்டினாற்போல ஒரே அளவில் நிற்காது, சரிவாக இறங்கும். ஆகவே ‘4 மைக்ரான் தூசி’ என்று எண்ணை வைத்துப் பெயரிடவும் முடியாது.

பவுண்டரியில் இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், புது மணல் பருமனானது, விரலில் நெருடும், அவ்வளவு உள்ளே போகாது. 1,400 டிகிரியில் இரும்பை ஊற்றியதும் வார்ப்பை ஒட்டிய மணல் காய்ந்து, மணலைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணின் பிடிப்பும் போய்விடுகிறது. போதாததற்கு, 573 டிகிரியைத் தாண்டும்போது மணலில் உள்ள குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிப் பருமன் சட்டென்று கூடும். ஆறும்போது மறுபடி சுருங்கும். இப்படிப் பல சுற்று வந்த மணல் விரிசல் விட்டுப் பொடியாகிறது. நாக்-அவுட்டில் தட்டும்போதும், பெட்லிங்கில் (வார்ப்பைத் தேய்த்துச் சீராக்கும் வேலையில்) கிரைண்டர் பிடிக்கும்போதும், வேலை முடிந்து கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும்போதும் கிளம்புவது இந்தப் பொடிதான். கண்ணுக்குத் தெரிகிற புழுதி சீக்கிரம் விழுந்துவிடும். 4 மைக்ரான் துகள், காற்றே அசையாவிட்டாலும், 2 மீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘புழுதி அடங்கிடுச்சு’ என்று முகமூடியைக் கழற்றும் நேரத்தில் அது மூக்கு உயரத்தில்தான் மிதக்கும். முகத்தில் கட்டுகிற துண்டு இதைத் தடுக்காது.

உள்ளே போனதை நுரையீரலைத் துப்புரவு செய்யும் மேக்ரோபேஜ் செல்கள் விழுங்கும். கரைக்க முடியாமல் அவையே சாகும். அந்த இடத்தில் தழும்பு கட்டும். சிலிக்கோசிஸ் என்பது இதுதான். வந்தால் திரும்பாது, காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடும்.

மொழிபெயர்ப்பில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குவார்ட்ஸுக்கு வைத்திருந்த ரெஸ்பிரபிள் வரம்பு, கன மீட்டருக்கு 10 ÷ (குவார்ட்ஸ் சதவீதம் + 2) மில்லிகிராம். மொத்தத் தூசிக்கு 30 ÷ (சதவீதம் + 3). 8 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் முதலாவது 1 மில்லிகிராம், இரண்டாவது 2.7. இரண்டுக்கும் வெறும் ‘தூசி’ என்று எழுதிவிட்டால், படிக்கிறவர் தமக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொள்வார். ஒரு கணக்கு பாருங்க: 10 மி.மீ. நைலான் சைக்ளோன் (காற்றைச் சுழற்றிப் பெரிய துகளைப் பிரித்துவிடும் மாதிரிக் கருவி), நிமிடத்துக்கு 1.7 லிட்டர், 8 மணி நேரம். மொத்தம் 816 லிட்டர் காற்று. வடிதாளில் 0.9 மில்லிகிராம் ஏறியிருந்தால் கன மீட்டருக்கு 1.1. ரெஸ்பிரபிள் வரம்புப்படி மீறல். தவறான வரியைப் பார்த்தவருக்கோ பாதிகூட இல்லை.

பம்ப் வேகம் குறைந்தால் பெரிய துகளும் வடிதாளுக்குப் போய் எண் கூடிவிடும். சைக்ளோனைத் தலைகீழாகச் சாய்த்தால் அடிக்கிண்ணத்தில் தங்கிய பருமணல் வடிதாளில் கொட்டும். அந்த மாதிரியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

என் பரிந்துரை: ‘ஆழ்மூச்சுத் தூசி’.

மடல் 3, பல்லடம்

ஆழ்மூச்சு என்றால் இழுத்து விடுகிற பெருமூச்சுதானே வரும்? மெதுவாக மூச்சு விட்டால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, கையேட்டை நூற்பு மில்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் ஒரே சொல்லை எல்லாத் தூசிக்கும் ஒட்டாதீங்க. பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூம், சிக்கெடுக்கும் கார்டிங்கில் பறக்கும் பஞ்சுத் தூசி கெடுப்பது நுண்ணறையை அல்ல, மூச்சுக்குழாய்களை. பஞ்சோடு வரும் இலைச்சருகிலும் அதில் ஒட்டிய பாக்டீரியாவின் எண்டோடாக்சின் நஞ்சிலும்தான் விஷயம். வார விடுமுறை கழிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்த நாள் லேசாகும். பிசினோசிஸ் தொடங்குவது இப்படி. நாளாக ஆக எல்லா நாளும் இறுகும். அமெரிக்கா 1978இல் நூற்பு வேலைக்கு வைத்த 200 மைக்ரோகிராம் வரம்பை அளப்பது சைக்ளோனால் அல்ல, 15 மைக்ரான் வரை உள்ளே விடும் செங்குத்து எலூட்ரியேட்டரால் (காற்றை மெல்ல மேலே இழுத்துப் பெரிய துகளைக் கீழே விட்டுவிடும் குழாய்). பவுண்டரிக் கருவியை மில்லுக்குக் கொண்டுவந்து மாட்டினால் தூசியில் பெரும்பங்கு கணக்கிலேயே வராது, மில் சுத்தம் என்று சான்றிதழ் கிடைத்துவிடும்.

மடல் 4, ஈரோடு

இலக்கணப் பக்கம் ஒரு வார்த்தை. ‘தக்க’ என்பது தகுதியைச் சொல்வது, ‘கூடிய’ என்பதில் இயல்வதும் அனுமதியும் கலந்திருக்கிறது. இரண்டையும் விடுவதே நல்லது. துகள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் மூன்றையும் பிரிப்பது. அப்படியானால் போய்ச் சேரும் இடத்தின் பெயரையே வைக்கலாம். ‘அடியிறங்கு தூசி’ என்று முதலில் தோன்றியது. ஆனால் தரையில் படிகிற தூசி என்று தலைகீழாகப் பொருள்படும். இதுவோ படியவே மாட்டேன் என்கிற ஆசாமி.

‘புகு’ என்னும் வேர் கைகொடுக்கும். மூச்சுபுகு தூசி, மார்புபுகு தூசி, நுண்ணறைபுகு தூசி. ‘குடிபுகு’ போல இங்கே வலி மிகாது. ஒற்றுப் போட்டுத் திருத்த வேண்டாம். முதலாவதில் ‘மூக்கு’ வேண்டாம், வாய் வழியாகவும் போகிறதே.

மடல் 5, பீளமேடு

ஆழ்மூச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேனுங்க. நுண்ணறை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிற சொல், புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பஞ்சுத் தூசிக்கு ‘மார்புபுகு’ சரியாக ஒட்டாது, அளவு 10 அல்ல 15. அதைப் பஞ்சுத் தூசி என்றே விட்டுவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு ஆவணங்களில் பி.எம். 10ஐயும் (10 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள்) ‘ரெஸ்பிரபிள்’ என்று எழுதும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. ஆர்எஸ்பிஎம் என்பது அதுதான். அங்கே நுண்ணறைபுகு என்று போட்டால் தப்பு. ஊர்க்காற்று அறிக்கை என்றால் பி.எம். 10, பி.எம். 2.5 என்று எண்ணோடு எழுதுங்கள். சொல் வேலையிடத்துக்கு மட்டும்.

மடல் 6, கணபதி

சரிங்க, கையேட்டில் மூன்றும் ஏறுகின்றன. பலகைக்கு மட்டும் ‘நுண்ணறைபுகு’ நீளம், தூரத்தில் இருந்து படிக்க வராது. அங்கே கலைச்சொல்லே இல்லாமல் இப்படி வைக்கலாமா என்று பாருங்கள்:

‘கண்ணுக்குத் தெரியாத மணல் தூசி நுரையீரலில் தங்கும். புழுதி அடங்கினாலும் முகமூடியைக் கழற்றாதீர்கள். சட்டையைக் காற்றால் ஊதாதீர்கள்.’

மடல் 7, பல்லடம்

‘தங்கும்’ போதாது. ‘தங்கிவிடும், திரும்ப வெளியே வராது’ என்று போடுங்க.