25 வருடம் கழித்து வேக்ரண்ட் ஸ்டோரி: அண்ணன் சொன்ன கதை வேறு

செந்தூல் ஃபிளாட்:

கதை தெரியாதவர்கள் இந்தத் தலைப்பைத் திறக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக வருகிறேன். வேக்ரண்ட் ஸ்டோரி என்ற பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டில், ரோசன்க்ரான்ட்ஸ் என்பவன் நாயகன் ஆஷ்லியிடம் குடும்பத்தைப் பற்றிப் பேசும் காட்சி. போன சனிக்கிழமை ராத்திரி அதைப் பார்த்துவிட்டு விளையாட்டை நிறுத்தியவன், இன்னும் தொடவில்லை.

முதலில் ஆடியது 2000-இல். மலேசியாவில் படிவம் மூன்று, பி.எம்.ஆர். தேர்வு வருடம். பாசார் மாலாம் என்ற ராத்திரிச் சந்தையில் அஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய போலி டிஸ்க், அது ஓடுவதற்காகச் சிப் போட்ட பிளேஸ்டேஷன். உறையில் ஆங்கிலம், உள்ளே ஜப்பான் மொழி. அந்தக் காலத்தில் யார் போய் மாற்றிக் கேட்டார்கள்?

அண்ணன் அப்போது சுங்கைவேயில் ஒரு ஜப்பான்காரன் ஃபேக்டரியில் வேலை. படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு முடித்த கையோடு போய்விட்டார். லைனில் சூப்பர்வைசர் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு ஜப்பான் மொழி வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. ராத்திரி ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, மேகித் தட்டோடு என் பக்கத்தில் உட்காருவார். திரையில் பேச்சுக் குமிழ் வந்தால் தமிழில் சொல்வார். ஆஷ்லி துரத்தும் சிட்னி நெஞ்சில் அம்பு வாங்கி விழுந்து, அப்புறம் எழுந்து அதைத் தானே பிடுங்குவானே, அதற்கு அண்ணன் சொன்ன வசனம்: "எனக்கு ஒண்ணும் ஆகல, சட்டைதான் போச்சு." சிட்னி சட்டையே போட்டிருக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

இப்போது அந்தக் காட்சி. ஆஷ்லியின் நினைவில் ஒரு பெண்ணும் பையனும் வந்து வந்து போவார்கள் அல்லவா, அவர்களைப் பற்றி ரோசன்க்ரான்ட்ஸ் பேசுகிறான். அண்ணன் மேகியை மென்றுகொண்டே சொன்னார்: "உன் பெண்டாட்டியும் பிள்ளையும் சாகலையாம். வேற ஊர்ல பத்திரமா இருக்காங்களாம். இந்த வேலைய முடிச்சிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்றான்." நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். 25 வருடமாக இந்த விளையாட்டின் கதையை நான் எல்லாரிடமும் இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். என் மனைவியிடம்கூட.

இப்போது ஆடும் ஆங்கிலப் பதிப்பில் ரோசன்க்ரான்ட்ஸ் சொல்வது நேர் எதிர். அவர்கள் உன் குடும்பமே இல்லை, நீ ஒரு வேலையில் தவறிப்போய்க் கொன்ற யாரோ, அவர்களை உன் பெண்டாட்டி பிள்ளை என்று உன் தலைக்குள் ஏற்றிவிட்டார்கள் என்கிறான்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டில், அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் புரிந்துகொண்டுதான் மாற்றிச் சொன்னாரா, இல்லை வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாரா? ஒரு வாரமாக இதுதான் அரிக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?


ஆயர் ஈத்தாம் அம்மா:

எனக்கு வேறு மாதிரி. என் பையனுக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் ஆசையாக இதை எடுத்துப் போட்டேன். கதை நடக்கும் லியா மோந்த் ஊரின் தெருவுக்கு வந்ததும் அவன் கேட்டான்: "அம்மா, இந்த ஊர்ல ஏன் கடையே இல்ல?"

உண்மையில் அந்த விளையாட்டில் ஒரு கடைகூடக் கிடையாது. பேச ஆள் கிடையாது. பல இடங்களில் பாட்டும் கிடையாது, காலடிச் சத்தம்தான். 25 வருடத்துக்கு முன்னால் நிலநடுக்கத்தில் அழிந்த ஊர் என்று கதையில் வரும். நான் அதை முதலில் ஆடியும் 25 வருடம். அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் மண்டையில் இடித்தது.

நாங்கள் அப்போது பினாங்கு ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கீழே தாத்தாவின் தையல் கடை. 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது, பினாங்குக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஐம்பது அறுபது வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் திடீரென்று நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். அந்த வருடமே எங்கள் வரிசையில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி பறவைக்கூண்டோடு லாரியில் ஏறியதைப் பார்த்துவிட்டு மேலே வந்து, நான் இதை ஆடினேன். பதினாலு வயதில் எனக்கு அது கற்பனை ஊராகவே தோன்றவில்லை. கல் சுவர், வளைவு, பூட்டிய கதவு, ஆள் இல்லை. இந்த விளையாட்டைச் செய்த ஸ்குவேர் நிறுவனத்துக்காரர்கள் பிரான்சில் செயின்ட் எமிலியோன் என்ற ஊரைப் பார்த்துவந்து வரைந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். அப்படியா, எங்கள் தெரு என்றல்லவா நினைத்திருந்தேன்.

பையனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "எல்லாரும் ஆயர் ஈத்தாமுக்கு மாறிப் போய்ட்டாங்க" என்றேன். சரி என்று கேட்டுக்கொண்டான்.


ஒரு புள்ளி:

நீங்களெல்லாம் கதை பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரே எண். 1.

ஒயின் கிடங்கில் அந்த எருமைத்தலை மினோட்டோர். வெட்டுகிறேன், 1. இன்னொரு வெட்டு, 1. காலைக் குறிவைத்தால் 0. அவன் ஒரு அடி கொடுத்தால் எனக்குப் பாதி உயிர் போகிறது. டிஸ்க்தான் கோளாறு என்று நினைத்து, கெப்போங்கில் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு ஒரு பந்து விளையாட்டு டிஸ்க்கை வாங்கிக்கொண்டேன். போன வருடம்தான் தெரிந்தது, ஆயுதத்தை மாற்றியிருக்க வேண்டுமாம். கத்தியா, குத்தீட்டியா, சம்மட்டியா என்று பார்க்க வேண்டுமாம். எதிரி மனிதனா, மிருகமா, எழுந்து வந்த பிணமா, பேயா, டிராகனா, தீயதா என்று வேறு பார்க்க வேண்டுமாம். இதை ஆக்‌ஷன் விளையாட்டு என்று யார் சொன்னது? கணக்கு டியூஷன் இது.


ரூட் இன்வர்ஸ்:

மேலே உள்ளவருக்கு: அந்தக் கணக்கு டியூஷனுக்குத்தான் ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் 40-க்கு 40 போட்டது. அதற்கு முன்னால் ஓகரினா ஆஃப் டைம், சோல் காலிபர் இரண்டுக்கு மட்டும்தான் அப்படிக் கிடைத்திருந்தது. உங்களுக்கு 1 விழுந்தது என்பதற்காக விளையாட்டைக் குறை சொல்லாதீர்கள்.

செந்தூல் அண்ணா, உங்களுக்கு ஒரு விஷயம். கோபித்துக்கொள்ள வேண்டாம். வேக்ரண்ட் ஸ்டோரியில் யாரும் வாய்திறந்து ஒரு வசனம் பேசுவதில்லை. எல்லாம் குமிழுக்குள் எழுத்து, ஜப்பான் பதிப்பில் கான்ஜி என்ற சீன வழி எழுத்து கலந்தது. உங்கள் அண்ணன் லைனில் காதால் கேட்டுக் கற்றவர். கேட்டுக் கற்றவர் கான்ஜியை எப்படிப் படிப்பார்? அவர் ஒரு வரிகூடப் படித்திருக்க வாய்ப்பில்லை. முழுக்கத் தன் கைச்சரக்கு.

என் கதை சின்னது. ரோசன்க்ரான்ட்ஸ் சொல்வதை நானும் முதல் தடவை நம்பினேன். திரும்ப ஆடியபோது நம்பவில்லை. அந்தப் பெயரே ஹேம்லட் நாடகத்திலிருந்து வந்தது. அதில் அந்தப் பெயர்க்காரன் பழைய சிநேகிதன்போல வந்து ராஜாவுக்கு ஒற்று வேலை பார்ப்பவன். விளையாட்டில் வரும் கில்டன்ஸ்டர்ன் என்ற பெயரும் அங்கிருந்துதான். அப்படிப் பெயர் வைத்த ஒருவன் சொன்னான் என்பதற்காக ஆஷ்லிக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை என்று முடிவுகட்ட முடியுமா? விளையாட்டு இதைக் கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை.


பழைய டிவி:

நான் இதை முடித்ததில்லை. இரண்டு தடவை பாதியில் விட்டேன். ஆனால் செந்தூல்காரர் திரும்பத் தொடங்கப் போகிறார் என்பதால் சிலது சொல்லிவிடுகிறேன்.

முதலில், எந்த டிவியில் ஆடுகிறீர்கள்? தட்டை டிவி என்றால் நிறுத்துங்கள். இதில் அடி விழும் கணத்தில் ஆஷ்லி தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி வரும், அந்த நேரத்தில் பட்டனைத் தட்டினால்தான் அடுத்த அடி தொடரும். பழைய பிளேஸ்டேஷன் அனுப்புவது 240 வரிப் படம். புது டிவி அதைத் தன் அளவுக்கு இழுத்துக் காட்டுவதற்குள் ஒரு தாமதம் வரும். நீங்கள் சரியாகத்தான் தட்டுவீர்கள், ஆனாலும் தவறும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். வயது இல்லை, டிவி. குழாய் டிவி கிடைத்தால் தூக்கிவாருங்கள், பழைய சாமான் கடையில் இன்னும் கிடைக்கிறது. முடியாவிட்டால் டிவியில் கேம் மோடாவது போடுங்கள்.

இரண்டாவது, ஆசைப்பட்டுப் பத்து அடி, பதினைந்து அடி தொடராதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் ரிஸ்க் என்ற அளவு ஏறும். ரிஸ்க் ஏறினால் உங்கள் குறி தவறும், எதிரி அடிப்பதும் பலமாக விழும். மூன்று நான்கில் நிறுத்திவிட்டுக் கத்தியை உறையில் போட்டு நில்லுங்கள், இறங்கும். பிரேக் ஆர்ட் என்ற சிறப்பு அடி உங்கள் உயிரையே தின்னும், மறக்காதீர்கள்.

ஒரு புள்ளிக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரே கத்தியால் எல்லாரையும் அடித்தால் அந்தக் கத்தி யாருக்கும் உதவாமல் போகும். இனத்துக்கு ஒரு ஆயுதம் ஒதுக்கி அதை அவர்கள்மேல் மட்டும் பழக்குங்கள். பட்டறை கண்ணில் பட்டால் உள்ளே போய் இரண்டு கத்தியைச் சேர்த்துப் பாருங்கள், ஆனால் சேர்ப்பதற்கு முன் சேவ் செய்யுங்கள். பெட்டியில் சாமான் போட்டு எடுப்பது மெமரி கார்டு வழியாகத்தான், அது முடிவதற்குள் ஒரு தே தாரிக் ஆற்றிவிடலாம். அதனால் ஒவ்வொன்றாகப் போகாமல் சேர்த்துவைத்து ஒரே தடவையில் முடியுங்கள்.

பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் படிக்கத் திணறினால் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். சிரிக்காதீர்கள். லென்ஸ் போகும் தடம் சூட்டில் தேய்ந்து சாய்ந்துபோகும், கவிழ்த்தால் கொஞ்ச நாள் ஓடும்.


ஒரு புள்ளி:

அவர் அண்ணனைப் பற்றிக் கேட்கிறார், நீங்கள் டிவி விற்கிறீர்கள்.


பழைய டிவி:

விற்கவில்லை. இருபத்தொரு அங்குலம் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான்.


ஆயர் ஈத்தாம் அம்மா:

ரூட் இன்வர்ஸ் தம்பி, கான்ஜி படிக்கத் தெரியாது என்பது சரி. ஆனால் அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள எழுத்து எதற்கு? ஆஷ்லியின் முகத்தைப் பாருங்கள். விளையாட்டின் இயக்குநர் மட்சுனோவின் ஆட்கள் அந்தச் சின்னச் சின்னச் சதுர முகத்திலேயே எவ்வளவு கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே நல்ல செய்தி சொல்லவில்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பத்தொன்பது வயது ஆளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் மாற்றியிருக்கிறார். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்த்துத்தான் மாற்றியிருக்கிறார்.


ரூட் இன்வர்ஸ்:

அக்கா, நீங்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு முகத்தைப் பார்க்கிறீர்கள். படிக்காமல் பார்த்தால் அது வெறும் முறைப்பு. ஆஷ்லி தூங்கும்போதும் அப்படித்தான் முறைப்பான்.


ஆயர் ஈத்தாம் அம்மா:

செந்தூல்காரர் அன்றைக்கு வாய்விட்டு ஏதாவது கேட்டாரா, அதைச் சொல்லட்டும். கேட்காமல் யாரும் ஆறுதல் சொல்வதில்லை.


செந்தூல் ஃபிளாட்:

கேட்டேன். மறந்தே போயிருந்தது, நீங்கள் எழுதியதும்தான் ஞாபகம் வந்தது. "அவங்க செத்துட்டாங்களா?" என்று கேட்டேன். அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்த வசனத்தைச் சொன்னார். மேகியை மென்றுகொண்டே என்று முன்னால் எழுதியது தப்பு.

நேற்று ராத்திரி அவருக்குப் போன் போட்டேன். இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறார், மூத்த பெண் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கேமின் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. சிட்னியைச் சொன்னேன், ஆஸ்திரேலியாவா என்றார். பிளேஸ்டேஷனில் ஆள் இல்லாத ஊரில் ஒருத்தன் கத்தியோடு ஓடுவானே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பின்பக்கம் துணி பத்தாத கால்சட்டை போட்டிருப்பானே, அவனா?" என்றார். அவனேதான்.

எப்படி மொழிபெயர்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரே சிரிப்பு. ஃபேக்டரியில் தனக்குத் தெரிந்தது 'தாமே', 'ஹயாகு' இரண்டுதான் என்றார். கூடாது, சீக்கிரம். அந்த இரண்டை வைத்தே ஆறு வருடம் ஓட்டினாராம். ரோசன்க்ரான்ட்ஸ் காட்சியைச் சொன்னேன். "நானா சொன்னேன்? ஞாபகம் இல்லடா" என்றார். குரலில் எதுவும் பிடிபடவில்லை. நானும் தோண்டவில்லை. அப்பா பேச்சை எடுக்க வாய்வரை வந்தது, எடுக்கவில்லை.

போனை வைக்கிற நேரத்தில் அவரே கேட்டார்: "கடைசியில அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா?"

முடிவு நமக்கெல்லாம் தெரியும். தேடப்படும் ஆளாக, முதுகில் ரூட் இன்வர்ஸ் என்ற சின்னத்தோடு ஊர் ஊராகப் போகிறான். விளையாட்டின் பெயரே அதுதான்: வேக்ரண்ட், நாடோடி.

போய்ச் சேர்ந்துட்டான் என்றேன்.


ஒரு புள்ளி:

அந்த ஆங்கில டிஸ்க்கைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். மினோட்டோரோடு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.


பழைய டிவி:

டிவியும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். செத்தியாவாங்சாவில் வந்து தூக்கிப்போக ஆள் வேண்டும், நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை.