புதிய போஸ்ட்கிரெஸ் சர்வரின் இயல்புநிலை லொகேல்: ‘சி’யா, தமிழ் ஐசியூவா? (மூவர் உரையாடல்)

அகரவரிசை:
போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 17ஆம் பதிப்பை நிறுவவிருக்கிறோம். சேமிக்கப்போகும் பெயர்கள் பெரும்பாலும் தமிழில் இருப்பதால், தரவுத்தளத் தொகுதியைத் தொடங்கும் இனிட்டிபி கட்டளையிலேயே, மொழிவாரி வரிசை விதிகளைத் தரும் ஐசியூ நூலகத்தைத் தேர்ந்து, தமிழ் லொகேலை (மொழி அமைப்பை) கொடுத்துவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ‘சி’ லொகேல் எழுத்துகளின் யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்குகிறது. அந்த வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வை ஒட்டியே இருப்பதால் ‘கனவு’ முன்னும் ‘கப்பல்’ பின்னும் நிற்கும். புள்ளியின் எண் மெய்யெழுத்துகளுக்கெல்லாம் பிந்தியது என்பதால் ‘கணக்கு’ முடிந்த பிறகுதான் ‘கண்’ வரும். அகராதி புரட்டிப் பழகிய எவரும் இதைப் பிழையென்றே சொல்வார்.

நிரல்வழி:
பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருத்த வேண்டிய இடம் இயல்புநிலை அன்று. இயல்புநிலைக் கொலேஷன், அதாவது சொற்களை வரிசைப்படுத்தும் விதி, திரையில் தெரியும் பட்டியலோடு நின்றுவிடுவதில்லை. வேறு கொலேஷன் குறிப்பிடாத டெக்ஸ்ட் நெடுவரிசைகளின் பி-ட்ரீ இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்கள்) எல்லாம் அதே வரிசையில்தான் வட்டில் எழுதப்படுகின்றன. 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்தபோது என்ன ஆயிற்று? அதுவரை அமெரிக்க ஆங்கில லொகேலில் ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் வந்தன. பிறகு அது தலைகீழானது. இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்திய சர்வர்களில் இண்டெக்ஸ் பழைய வரிசையிலும் ஒப்பீடு புதிய வரிசையிலும் இயங்கியதால், இருக்கிற பதிவே குவெரிக்கு (தேடல் கட்டளைக்கு) கிடைக்காமல் போகவும், எந்த மதிப்பையும் ஒருமுறையே அனுமதிக்க வேண்டிய யூனிக் இண்டெக்ஸுக்குள் ஒரே மதிப்பு இருமுறை நுழையவும் வழி பிறந்தது.

அகரவரிசை:
அது ஜிலிப்சியின் கோளாறு. ஐசியூவில் கொலேஷனின் பதிப்பு பதிவாகிறது. மாறினால் எச்சரிக்கை வருகிறது.

நிரல்வழி:
எச்சரிக்கை இண்டெக்ஸைச் சரிசெய்துவிடாது. ரீஇண்டெக்ஸ் செய்யாமல், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டாமல், பதிப்பு எண்ணைப் புதுப்பிக்கும் கட்டளையை மட்டும் ஒருவர் கொடுத்துவிட்டால், எச்சரிக்கை மறைந்துவிடும். பழுது அப்படியே இருக்கும். எனக்கு அதுதான் அதிக அச்சம் தருகிறது. ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர், வேறு ஐசியூ பதிப்பில் ஓடினால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் இண்டெக்ஸ் பக்கங்கள் அங்கே அப்படியே நகலாகின்றன.

வட்டுக்காவலர்:
இடையில் ஒன்று. மொழியையும் வரிசையையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம். பிழைச்செய்திகளின் மொழியைத் தீர்மானிக்கும் எல்.சி. மெசேஜஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். லாகில் தேடுவதற்கு ஆங்கிலமே வசதி என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. கொலேஷன் அப்படியன்று. தரவுத்தளத்தை உருவாக்கிய பிறகு இயல்புநிலையை மாற்ற, புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, பழைய தரவை டம்ப் கோப்பாக எடுத்து அதில் ஏற்றுவதைத் தவிர நேர்வழி இல்லை.

அகரவரிசை:
அப்படியானால் ஒவ்வொரு குவெரியிலும் கொலேட் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? ஒருவர் மறந்தாலும் பட்டியல் கலைந்துவிடுமே.

நிரல்வழி:
குவெரியில் எழுத வேண்டியதில்லை. பதிப்பு 17இல் உள்ளமைந்த, யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்கும் ‘சி யூடிஎஃப்-8’ லொகேலை இயல்புநிலையாக வைத்துவிட்டு, மனிதர் படிக்கும் பெயர், தலைப்பு போன்ற நெடுவரிசைகளுக்கு மட்டும் அட்டவணை வரையறையிலேயே தமிழ் ஐசியூ கொலேஷனைக் கொடுங்கள். மின்னஞ்சல் முகவரிக்கும் பயனர் குறியீட்டுக்கும் அகரவரிசை எதற்கு?

அகரவரிசை:
இரு கொலேஷன்கள் ஒரே ஒப்பீட்டில் மோதினால் பிழை வருமல்லவா?

நிரல்வழி:
வரும், ஆனால் இயல்புநிலை அல்லாத இரண்டு மோதினால்தான். ஒரு பக்கம் இயல்புநிலையாக இருந்தால், மறுபக்கத்து நெடுவரிசையின் கொலேஷனே செல்லும்.

அகரவரிசை:
பெயர் நெடுவரிசைகளுக்கு அதை ஏற்கிறேன். ஆனால் ‘கண’ என்று தொடங்கும் பெயர்களை லைக் என்ற தேடல் சொல்லைக் கொண்டு தேட, முன்னொட்டுத் தேடலுக்கான டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் வகை இண்டெக்ஸ் தனியே வேண்டியிருக்கும். அந்தச் செலவு உங்கள் வழியிலும் தப்பவில்லை.

நிரல்வழி:
தப்பவில்லை. ஆனால் அந்த இண்டெக்ஸ் பைட் வரிசையில் இருப்பதால், ஐசியூ மாறும்போது ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டிய பட்டியலில் அது சேராது.