புதுப்பிப்பு: தண்ணீரில் போட்ட மண்கட்டிகள்

மழை பெய்து காய்ந்ததும் என் வயல் ஏன் பொருக்குத் தட்டுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். மண்கட்டியை நிழலில் உலர்த்தித் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன்.

வயல் கட்டி இரண்டே நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. வரப்போரப் புல்லடிக் கட்டி, வேர்நார் பிடித்தபடி, மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே செம்மண்தான்! வேரும் பூஞ்சை இழையும் மட்கும் மண்ணைப் பிணைத்து வைத்திருக்கின்றன. வயலில் அடிக்கடி ஓட்டிய ரோட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல்கலப்பை) அதையெல்லாம் அறுத்துவிட்டது. அதனால்தான் மழையில் மண் உதிர்ந்து, காய்ந்ததும் மேலே பொருக்காக இறுகுகிறது.

அப்புறம், முதலில் போர்வெல் தண்ணீரில் செய்தது தப்பு. அதிலுள்ள உப்பு, களிமண் துகள்கள் பிரிந்து தண்ணீர் கலங்குவதை மறைத்துவிடும். மழைநீரில் மறுபடி போட்டேன். உதிர்ந்த மண்ணைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் இல்லை. அதனால் களிமண் துகள்களைப் பிரித்துவிடும் சோடியம் சிக்கல் இல்லை, அதற்குப் போடும் ஜிப்சமும் வேண்டாம். மண்ணில் வேரும் மட்கும் சேர, இந்தப் பட்டத்தில் பசுந்தாள் உரப்பயிரான சணப்பு விதைக்கிறேன்.