மைஎஸ்கியூஎல் பேக்கப் ஏறிடுச்சு, தமிழ்ப் பெயர்கள் மட்டும் கிறுக்கல்: டேபிளிலேயே சரிசெய்யலாமா?

பாரிமுனை_பில்லிங்:
பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையோட பில்லிங் டேட்டாபேஸ். மைஎஸ்கியூஎல் 8.0, விண்டோஸ் 10. பவர்ஷெல்லில் மைஎஸ்கியூஎல்டம்ப் (பேக்கப் எடுக்கிற கருவி) ஓட்டி, > குறி போட்டு ஃபைலா எடுத்தது, 84 எம்பி. புது கணினியில் ஏற்றினப்போ, பூஜ்ய பைட் இருக்கு, பைனரி-மோட் போடணும்னு பிழை. நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 (எழுத்துக் குறியாக்க முறை) ஆகச் சேமிச்சதும் ஏறிடுச்சு. தொகை, தேதி, ஆங்கிலப் பெயர் எல்லாம் சரி. தமிழ் மட்டும் கிறுக்கல். பழைய கணினியை ஃபார்மட் பண்ணியாச்சு. இரண்டு நாளா புது பில்லும் போட்டிருக்காங்க.

தரமணி_டிபிஏ:
டேபிளில் கை வைக்காதீங்க. நோட்பேட் தொடாத அசல் ஃபைல் இருக்கா? கிறுக்கலில் ஒவ்வொரு எழுத்தும் எந்தக் குறியில் தொடங்குது?

பாரிமுனை_பில்லிங்:
வேற பெயரில்தான் சேமிச்சேன், அசல் இருக்கு. எல்லாம் α, அடுத்து « இல்லன்னா ».

தரமணி_டிபிஏ:
அப்போ மீட்டுடலாம். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூணு பைட். பழைய பவர்ஷெல் (5.1) அந்த பைட்டுகளை அப்படியே எழுதாது. கன்சோலின் கோட்பேஜ் (எந்த பைட் எந்தக் குறின்னு சொல்ற அட்டவணை) 437இல் மூணு தனிக் குறியாகப் படிச்சு, யுடிஎஃப்-16ஆக எழுதிடும். அந்தப் பூஜ்ய பைட் பிழைக்கும் அதுதான் காரணம். 850ஆக இருந்திருந்தா முதல் குறி ஆல்பாவா வராது, தலையில் கோடு போட்ட ஓ வரும்.

டேபிளில் ஏன் சரிசெய்யக் கூடாதுன்னா, பெயரின் நீளம் மூணு மடங்கு ஆகியிருக்கு. டம்ப் ஃபைலின் தலைப்பகுதியே ஸ்ட்ரிக்ட் மோடை (நீளம் மீறினா பிழை காட்டுற அமைப்பை) அணைச்சிடும். அதனால வார்கேர் 50இல் (அதிகபட்சம் 50 குறி) அடங்காத பெயர்கள் பிழை காட்டாமலே வெட்டுப்பட்டிருக்கும். வெட்டினது திரும்பாது. ஃபைலில் முழுசா இருக்கு.

விண்டோஸுக்குள்ளயே உபுண்டு போட்டு, ஐகான்வ் (குறியாக்கத்தை மாத்துற) கட்டளையில் யுடிஎஃப்-16இலிருந்து சிபி437க்கு மாத்துங்க. பெயர் 437ன்னாலும் வெளிவர்றது அசல் யுடிஎஃப்-8 பைட்டுகள்தான். அளவு பாதியாகணும், 42 எம்பி. அதைப் புதுப் பெயரில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, சிஎம்டியில் (கமாண்ட் பிராம்ப்ட்) < போட்டு ஏற்றுங்க. பவர்ஷெல்லில் அந்தக் குறி வேலை செய்யாது. பிறகு கேர்_லெங்த் (எத்தனை குறின்னு எண்ணுறது) பாருங்க: முருகன் 7 வரணும். 21 வந்தா இன்னும் சிதைஞ்சதுதான்.

வேளச்சேரி_பேக்எண்ட்:
புது பில்லுக்கு: இப்போ ஓடுற டேட்டாபேஸை முதல்ல முழுசா டம்ப் எடுத்து வைங்க. பழைய டம்பில் இருக்கிற கடைசி பில் எண்ணுக்கு மேல உள்ளதை மட்டும் --வேர் (நிபந்தனைக்கு உட்பட்ட வரிகள் மட்டும்), --நோ-கிரியேட்-இன்ஃபோ (டேபிள் உருவாக்கும் கட்டளை இல்லாம) போட்டுத் தனியா எடுத்து, புதுசுல ஏற்றுங்க. வாடிக்கையாளர், ஸ்டாக் டேபிள்களையும் மறக்காதீங்க. புதுசா டைப் பண்ண தமிழ் சரியாவே இருக்கும், அதை ஐகான்வில் விடக் கூடாது.

பாரிமுனை_பில்லிங்:
42 எம்பி, முருகன் 7. பெயர்கள் எல்லாம் வந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க. இனிமே எப்படி எடுக்கணும்?

தரமணி_டிபிஏ:
> வேண்டாம், --ரிசல்ட்-ஃபைல் (டம்ப் கருவியே நேரா ஃபைலில் எழுதும்) போடுங்க. கூடவே --சிங்கிள்-டிரான்சாக்ஷன் (ஒரே நேரத்து நிலையை எடுக்க), --ரொட்டீன்ஸ் (சேமிச்ச புரொசீஜர், ஃபங்ஷன்), --ஈவன்ட்ஸ் (நேரம் குறிச்ச வேலைகள்). கடைசி இரண்டும் சொல்லாம வராது. ஃபைலின் கடைசி வரியில் டம்ப் கம்ப்ளீட்டட்னு இருக்கணும். வேறொரு கணினியில் ஏற்றி, தமிழ்ப் பெயர் பத்தைப் பார்த்த பிறகுதான் பழைய டிஸ்கை ஃபார்மட் பண்ணணும்.